தமிழ் பேசிய முதல் திரை நாயகி

குழந்தைகளே... சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு பஸ்சில் போயிருக்கிறீர்களா? மலை ஏறத் துவங்கியதும், 20 கொண்டை ஊசி வளைவுகள் வரும். ஒவ்வொன்றாக எண்ணிக் கொண்டே போவது நல்ல வேடிக்கை. ஆனால், அதற்கு முன்பே, சமவெளியில், சாலையோரம் ஒரு வளைவு உண்டு. அதை யாரும் எண்ணுவதில்லை. அது, 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்ற சினிமா ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவு. அதற்குள்ளே இருந்த ஸ்டூடியோ இப்போது இல்லை.

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்து சென்று நெசவுத் தொழில் படித்துத் திரும்பியவர். சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், 1935ல் இந்த ஸ்டூடியோவைத் துவங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த நிறுவனம் இது. மலையாள மொழியின் முதல் பேசும் படமான, 'பாலன்' கூட, இவர்கள் தயாரிப்பாக, 1938ல் வெளிவந்தது. தமிழின் முதல் முழு நீள வண்ணப்படம், 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது 1956ல். அதுவும் இவர்கள் எடுத்தது தான். ஏற்காட்டில், 'லேடீஸ் சீட்' என்ற இடத்தில் நின்று இரவில் கீழே பார்த்தால், சேலம் நகரத்து விளக்குகள் மின்மினி போலத் தெரியும். ஒரு காலத்தில் அவற்றின் நடுவே, ஸ்டூடியோ விளக்குகளும் எரிந்தன.

சரி, பேசும் படம் வந்த புதிதில், தமிழ்ப் படங்களை எங்கே எடுத்தனர் தெரியுமா? பம்பாயிலும், கல்கத்தாவிலும் தான். பேசும் படம் எடுக்கும் கருவிகள் தென்னாட்டில் கிடையாது. தமிழ்ப் படத்தில் நடிக்க வேண்டுமானால், மூட்டை கட்டிக் கொண்டு, ரயில் ஏற வேண்டும். அப்படி முதன் முதலில் ரயில் ஏறி, பம்பாய் சென்று, திரையில் தமிழ் பேசி, பாடி நடித்த கதாநாயகி, அப்போது 19 வயதே ஆன ஒரு பெண். அவர் பெயர், டி.பி.ராஜலட்சுமி.

தஞ்சைப் பக்கத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது திருவையாறு. சங்கீத மேதை தியாகராஜர் வாழ்ந்து மறைந்த ஊர். அங்கே, 1911 நவம்பர் 11ல் பிறந்தார் ராஜலட்சுமி. தந்தை பெயர் பஞ்சாபகேசன்; கிராமத்துக் கணக்குப் பிள்ளை. திருவையாறு கோவிலில் இருக்கும் ஐயாறப்பருக்கு, பஞ்சாபகேசன் என்றும் ஒரு பெயர் உண்டு. அதனால், அந்தப் பக்கத்தில் பலருக்கு இந்தப் பெயர் இருக்கும். டி.பி., என்ற எழுத்துகளில், ஊர் பெயரும், அப்பா பெயரும் அடங்கி இருக்கின்றன.

சிறுமியாக இருந்தபோதே, ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே திருப்பிப் பாடி விடுவாராம். ஆனால், பாட்டுப் பாடித் திரியும் வயதிலேயே அவருக்குக் கல்யாணம் செய்து வைத்து விட்டனர். ஏழெட்டு வயதுக் குழந்தைக்குக் கல்யாணம்! உங்களில் மூன்றாம் வகுப்புப் படிப்பவர்கள் வயது தான் இருக்கும்.

அந்தக் காலத்தில் அது வழக்கம். தடுக்கச் சட்டம் இல்லை. பெண்ணுக்கு, 14 வயதாவது ஆக வேண்டும் என்று சொன்ன சாரதா சட்டம், 1929ல் நிறைவேறி, அடுத்த ஆண்டு ஏப்ரலில் தான் நடைமுறைக்கு வந்தது. ராஜலட்சுமிக்கு அது, பத்தாண்டுகள் தாமதம். இப்போது, பெண்ணுக்கு, 18 வயது நிரம்பாமல் திருமணம் செய்வது குற்றம்.

அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. வரதட்சணைத் தகராறில், சிறுமி பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள். கொஞ்ச காலத்தில், தந்தையும் இறந்து போனார். வருமானம் நின்றது. ராஜலட்சுமியை அழைத்துக் கொண்டு, திருச்சிக்குப் போனார் தாய் மீனாட்சி. படிப்பு இல்லை, சொத்து இல்லை. அந்தப் பெண்ணிடம் இருந்த ஒரே முதல், குரல்.

திருச்சியில் அப்போது, சாமண்ணா என்பவரின் நாடக கம்பெனி நடந்து வந்தது. 11 வயதில் அதில் சேர்ந்தார் ராஜலட்சுமி. தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று கொண்டாடப்படும் சங்கரதாஸ் சுவாமிகளே, அவருக்காகச் சிபாரிசு செய்ததாகச் சொல்வர்.

மேடை ஏறும் பெண்களை ஊர் மதிக்காத காலம் அது. நல்ல குடும்பத்துப் பெண் நாடகத்தில் நடிப்பதா என்று உறவினர் ஒதுக்கி வைத்து விடுவர். அதனால், பல கம்பெனிகளில் பெண் வேடத்தையும், ஆண் பிள்ளைகளே சேலை கட்டி நடித்தனர். இப்படிப்பட்ட நேரத்தில், ஒரு சிறுமி துணிந்து மேடை ஏறினாள் என்றால், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்ற கட்டாயம் தான் காரணம்.

அந்தக் கால நாடகம் என்றால், நீங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நடிக்கும் நாடகம் மாதிரி நினைத்து விடாதீர்கள். ராத்திரி துவங்கினால், விடிய விடிய நடக்கும். மைக் கிடையாது. கடைசி வரிசையில், தரையில் உட்கார்ந்திருப்பவர் காதிலும் பாட்டு விழ வேண்டும். அடிவயிற்றில் இருந்து குரல் எடுத்துப் பாட வேண்டும். 'வள்ளி திருமணம்' நாடகத்தில், தினைப்புனம் காக்கும் வள்ளியும், வேடனாக வரும் முருகனும் தர்க்கம் செய்யும் காட்சி வரும். எதிரில் இருப்பவர் மடக்கிப் பாடினால், அந்த நொடியே பதில் பாட வேண்டும். தடுமாறினால், கூட்டம் சீழ்க்கை அடித்து விடும். இந்தப் பள்ளிக்கூடத்தில் தான் ராஜலட்சுமி தேர்ச்சி பெற்றார். சில ஆண்டுகளில், புகழ்பெற்ற கதாநாயகர்களுக்கு ஜோடியாக நடிக்கும் நிலைக்கு உயர்ந்தார். எம்.கே.தியாகராஜ பாகவதரும் அவர்களில் ஒருவர்.

இதற்கிடையில் சென்னையில் சிலர், சினிமாப் படம் எடுக்கத் துவங்கியிருந்தனர். எல்லாம் ஊமைப் படங்கள். உதடு அசையும், சத்தம் வராது. கதை என்ன என்று எழுதிய அட்டை, நடு நடுவே திரையில் தோன்றும். படிக்கத் தெரியாதவர்களுக்காக, திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, உரக்கக் கதை சொல்வார். 'கோவலன்' போன்ற சில ஊமைப் படங்களில் ராஜலட்சுமி நடித்தார். பாட்டுக்குப் பெயர் பெற்றவர், ஊமைப் படத்தில் நடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

அந்தக் குறை, 1931ல் தீர்ந்தது. அந்த ஆண்டு மார்ச் 14ல், இந்தியாவின் முதல் பேசும் படமான, 'ஆலம் ஆரா' பம்பாயில் வெளிவந்தது. எடுத்தவர், இம்பீரியல் கம்பெனி அதிபர் அர்தேஷிர் இரானி. இந்தியில் பேசிய படத்துக்கு, தியேட்டர் வாசலில் கூட்டம் அலைமோதியது. உடனே, தென்னாட்டு மொழிகளிலும் பேசும் படம் எடுக்க முடிவு செய்தார் இரானி. எச்.எம்.ரெட்டியை இயக்குனராகப் போட்டு, 'காளிதாஸ்' படத்தைத் துவங்கினார். அதற்கு, பாடவும், பேசவும் தெரிந்த நாயகி தேவைப்பட்டார். ராஜலட்சுமிக்கு அழைப்பு வந்தது.

கதை உங்களுக்குத் தெரிந்தது தான். ஒரு மந்திரி, தன் மகனை மணக்க மறுத்த இளவரசியைப் பழிவாங்க, எழுத்து வாசனையே இல்லாத இடையன் ஒருவனை ஏமாற்றி அவளுக்குக் கட்டி வைத்து விடுகிறான். இளவரசி காளியை வேண்ட, இடையன் மகாகவி காளிதாசன் ஆகிறான். தானே விரும்பாத கல்யாணத்தில் மாட்டிக் கொண்ட அந்த இளவரசி வேடம் தான் ராஜலட்சுமிக்கு.

இந்தப் படத்தில் ஒரு பெரிய வேடிக்கை. நாயகி ராஜலட்சுமி தமிழில் பேசுவார்; நாயகன் பி.ஜி.வெங்கடேசன், தெலுங்கில் பதில் சொல்வார்! வேறு சிலர் பேசுவது இந்தியில் இருக்கும். அதனால், 'காளிதாஸ்' முழுத் தமிழ்ப் படம் அல்ல என்று சொல்வோரும் உண்டு. என்னைக் கேட்டால், மொழிச் சண்டையை விட்டு விடலாம். தென்னாட்டுத் தியேட்டரில், திரையில் இருந்து தமிழ்ச் சொல் முதன் முதலில் எழுந்தது அந்தப் படத்தில் தான். கோவில் பூசாரியாகச் சின்ன வேடத்தில் வந்த இளைஞர் எல்.வி.பிரசாத், பிற்காலத்தில் பெரிய இயக்குனர் ஆகி, சென்னையில் பிரசாத் ஸ்டூடியோவைத் துவங்கினார்.

அன்று பேசும் படத்தில் நடிப்பது எவ்வளவு சிரமம் தெரியுமா? இப்போது, ஒருவர் நடிக்க, இன்னொருவர் பாட, எல்லாவற்றையும் தனித்தனியே பதிவு செய்து, பிறகு சேர்த்து விடுகின்றனர். அன்று அப்படி அல்ல. நடிக்கும்போதே பேச வேண்டும். நடிக்கும்போதே பாடவும் வேண்டும். பக்க வாத்தியக்காரர்கள், கேமராவுக்குத் தெரியாதபடி மறைவில் உட்கார்ந்து வாசிப்பர். மைக்கை விட்டு முகத்தைத் திருப்பினால், குரல் தேய்ந்து விடும். வெளியே காக்கா கத்தினால் அதுவும் பதிவாகி விடும். பாட்டின் கடைசி அடியில் ஒரு பிசகு நேர்ந்தாலும், முதலில் இருந்து துவங்க வேண்டும். மைக் இல்லாத மேடையில் விடிய விடியப் பாடிப் பழகிய ராஜலட்சுமிக்கு, இது கைவந்தது.

படப்பெட்டி சென்னைக்கு வந்தபோது, பெரிய திருவிழாவே நடந்தது. ரயில் நிலையத்தில் இருந்து, வால்டாக்ஸ் சாலையில் இருந்த, 'கினிமா சென்ட்ரல்' தியேட்டர் வரை, பெட்டியை ஊர்வலமாக எடுத்துச் சென்றனர். வழி நெடுகப் பூத் தூவி, தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தினர். 1931 அக்டோபர் 31ல் படம் வெளியானது. அதில் தியாகராஜர் கீர்த்தனைகளைப் பாடினார் ராஜலட்சுமி. திருவையாற்றுப் பெண் அல்லவா! அதோடு, மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய தேசபக்திப் பாடல்களும் உண்டு. ஒரு பாட்டு, காந்திஜியின் கைராட்டினத்தைப் பற்றியது. காளிதாசன் கதையில் காந்திஜி எப்படி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில், அந்தப் பாட்டுக்குத் தான் கைதட்டல் அதிகம்.

அதன் பிறகு படங்கள் வரிசையாக வந்தன. கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வேயில் வரைபடம் போடும் வேலை பார்த்தவர். 1905ல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர். அவர், கல்கத்தா கம்பெனியுடன் சேர்ந்து, 'வள்ளி திருமணம்' எடுத்தார். 1933ல் வந்த அந்தப் படத்தில், வள்ளி, ராஜலட்சுமி. மேடையில் எத்தனையோ இரவுகள் பாடிய வேடம், வெளுத்து வாங்கினார். படம் சக்கை போடு போட்டது. அதில் உடன் நடித்த டி.வி.சுந்தரத்தை மணந்து கொண்டார். ரசிகர்கள் அவருக்குத் தந்த பட்டம், 'சினிமா ராணி!'

வேறு யாராக இருந்தாலும், இதோடு திருப்தி அடைந்திருப்பர். ராஜலட்சுமி அப்படி இல்லை. பிறர் எழுதித் தந்த வசனத்தைப் பேசுவதோடு நிற்காமல், தானே கதை எழுதினார். அவர் எழுதிய நாவல், 'கமலவல்லி!' பள்ளிக்கூடம் போய் அதிகம் படிக்காதவர் நாவல் எழுதினார் என்பது எனக்கு இன்றும் வியப்பாகத் தான் இருக்கிறது. மனதுக்குப் பிடிக்காத ஒருவருக்குக் கட்டி வைக்கப்பட்ட பெண்ணின் கதை அது. அந்த வலியை, யாரிடமும் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

அந்த நாவலையே, 'மிஸ் கமலா' என்ற பெயரில் படமாக எடுத்தார். 1936ல் வெளியானது. தயாரிப்பு, கதை, வசனம், இயக்கம், கதாநாயகி வேடம் எல்லாம் அவரே! அப்போது வயது 25. தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குனர் அவர் தான். இந்திய அளவில், 1926ல் ஊமைப் படம் இயக்கிய பாத்திமா பேகத்துக்கு அடுத்த இடம் அவருக்கு. அந்த ஆண்டு பிறந்த தன் மகளுக்கும், கதாநாயகியின் பெயரையே சூட்டினார்.

இந்த இடத்தில் இன்னொரு பெண்ணையும் சொல்லி விடுகிறேன். சென்னையில், ஏ.நாராயணன் என்பவர் அமைத்த ஸ்டூடியோவில், 1934ல், 'சீனிவாச கல்யாணம்' என்ற பேசும் படம் தயாரானது. சென்னையிலேயே எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் பேசும் படம் அது. அதற்கு ஒலிப்பதிவு செய்தவர், நாராயணனின் மனைவி மீனாட்சி. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர்! 'பெண்களுக்குச் சினிமா எதற்கு?' என்று ஊர் கேட்டுக் கொண்டிருந்த போதே, ஒரு பெண் மைக்கின் முன்னாலும், இன்னொரு பெண் ஒலிப்பதிவுக் கருவியின் முன்னாலும் இருந்தனர்.

ராஜலட்சுமி, 1939ல், 'மதுரை வீரன்' படத்தையும் இயக்கினார். எம்.ஜி.ஆர்., நடித்த, 'மதுரை வீரன்' அல்ல; அது, 1956ல் வந்தது. ஏவி.எம்., மெய்யப்ப செட்டியார், 1938ல் எடுத்த, 'நந்தகுமார்' படத்தில், கண்ணனை வளர்க்கும் யசோதையாக நடித்தார். சிறுவன் கண்ணனாக வந்து பாடியவர், டி.ஆர்.மகாலிங்கம். நடிப்பவருக்குப் பதிலாக வேறொருவர் பாடும் பின்னணிப் பாட்டு முறையை, இந்தப் படத்தில் தான் செட்டியார் முயன்று பார்த்தார். பாடத் தெரிந்தவர் மட்டுமே நடிகை ஆக முடியும் என்ற காலம், அன்று முடியத் துவங்கியது.

பாட்டோடு நிறுத்தாமல், நாட்டு விடுதலையைப் பற்றி, 'இந்தியத் தாய்' என்ற படத்தையும் துணிந்து தயாரித்தார். தணிக்கை அதிகாரிகள் சும்மா விடுவரா? அங்கே வெட்டு, இங்கே வெட்டு என்று படத்தைச் சிதைத்து விட்டனர். அந்த நாளில், தேசபக்திப் படங்களுக்கு இந்தக் கதி சாதாரணம். கே.சுப்ரமணியம் எடுத்த, 'தியாக பூமி' 1939ல் வெளியாகி, நன்றாக ஓடிக் கொண்டிருக்கும் போதே தடை செய்யப்பட்டது. 'இந்தியத் தாய்' பெரும் நஷ்டத்தைத் தந்தது. நடித்துச் சேர்த்த பணம் கரைந்தது. சொத்துகளையும் விற்க வேண்டி வந்தது.

கையில் பணம் இருந்த காலத்தில், தம்பி, தங்கைகளை எல்லாம் அவர் தான் தாங்கினார். இன்னொரு காரியமும் செய்தார். பெண்ணாகப் பிறந்தது என்பதற்காகவே, கொன்று விட இருந்த ஒரு குழந்தையை வாங்கி வந்து, தன் மகளோடு மகளாக வளர்த்தார். சினிமாவில் அவர் முதலில் செய்தவற்றை எல்லாம் பாடப் புத்தகத்தில் சேர்க்கலாம். எனக்கு, இந்த ஒரு செயல் தான் எல்லாவற்றுக்கும் மேலாகத் தோன்றுகிறது.

ஐம்பதுகளில், புதிய நடிகையர் வந்து விட்டனர். 'சினிமா ராணி' என்ற பெயரே, பலருக்கு மறந்து விட்டது. உடல் நலமும் கெட்டது. 1961ல், அவருக்குக் கலைமாமணி விருது கிடைத்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1964ல், சென்னையில் காலமானார்.

குழந்தைகளே... 'காளிதாஸ்' படத்தைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை வரும். முடியாது! ஒரு பிரதி கூட இப்போது இல்லை. 'மிஸ் கமலா'வும் இல்லை. அந்தக் காலத்துப் பிலிம் சுருள், நைட்ரேட் என்ற ரசாயனப் பொருளால் ஆனது. சட்டென்று தீப்பிடிக்கும், வைத்த இடத்திலேயே பொடிந்து போகும். அதில் இருக்கும் துளி வெள்ளிக்காக, சுருள்களை உருக்கி விற்றவர்களும் உண்டு. பழைய படங்களைத் தேடிப் பாதுகாக்க, மத்திய அரசு, புனே நகரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஒன்றைத் துவங்கியது. அதுவும், 1964ல் தான். ராஜலட்சுமி தமிழ் பேசிய அந்த முதல் படச்சுருள், அங்கே போய்ச் சேரவே இல்லை.